மாடிவீடு

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் இரண்டு பேராக ஆடக் கண்டுபிடித்த சீட்டாட்டத்தைப் போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் போன ஞாயிறு ஆரம்பித்தேன். பாதி விளக்குவதற்குள் உனக்கு ஆபீஸிலிருந்து வேறு அழைப்பு வந்துவிட்டது. சீட்டாட்ட விதியைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்வதும் கஷ்டம். அதனால் பேனாவை எடுத்தேன்.

நம் வீட்டில் நாலு பேராக இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடிய ஜமா கலைந்த கதை உனக்குத் தெரியும். நீ புனே, தம்பி ஓசூர். உங்கள் இடத்தில் உட்கார்ந்துகொண்டிருந்த எதிர்வீட்டு மாமாவும் மாமியும் தை மாதத்தோடு மகன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இரண்டு பேருக்கு ரம்மி இருக்கிறதே என்பாய். அம்மாவுக்கு ரம்மி ஆகாது. "வர்ற சீட்டு வரட்டும்னு உட்கார்ந்திருக்கிறது ஒரு ஆட்டமா?" என்பாள். அவளுக்கு இத்தனை புள்ளி எடுப்பேன் என்று கேள்வி கேட்க வேண்டும், மற்ற இனங்களை வெட்டும் துருப்பைக் கவிழ்த்து வைக்க வேண்டும், என் ஆஸைத் துருப்பால் வெட்டிவிட்டு என் முகத்தைப் பார்க்க வேண்டும்.

சரி, இருபத்தெட்டையே இரண்டு கைக்கு மாற்றிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். 32 சீட்டு, ஆளுக்குப் பதினாறு, இதிலென்ன இருக்கிறது என்று நினைத்தேன். நான்காவது பிடியில், அதாவது சீட்டு இறக்கும் நான்காவது சுற்றில், அம்மா நிறுத்தி, என் கையில் இருந்த பன்னிரண்டு சீட்டையும் வரிசையாகச் சொன்னாள். மந்திரம் ஒன்றும் இல்லை. அவள் கையில் இல்லாததெல்லாம் என்னிடம்தானே இருக்க வேண்டும்! நாலு பேர் ஆடும்போது யாரிடம் எது என்று தெரியாததுதான் ஆட்டமே. இரண்டு பேருக்கு மொத்தக் கட்டையும் பகிர்ந்தால் அந்தச் சந்தேகம் செத்துப்போகிறது. நாற்பது வருஷம் சீட்டாடியவனுக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டும்.

அடுத்து, கையில் எட்டு, நடுவில் பதினாறு, ஒவ்வொரு பிடிக்கும் ஆளுக்கு ஒன்று எடுப்பது என்று வைத்தோம். அதுவும் விளங்கவில்லை. தைரியமாக இருபது கேட்டுவிட்டு உட்கார்ந்தால், கட்டிலிருந்து எனக்கு வருவதெல்லாம் ஏழும் எட்டும். கேள்விக்கே அர்த்தமில்லாமல் போயிற்று. அம்மா, "இது ரம்மிக்கு முக்காடு போட்ட மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மூன்றாவதாக வந்ததுதான் மாடிவீடு. பேர் அம்மா வைத்தது.

முதலில் ஆளுக்கு நாலு சீட்டு. அதைப் பார்த்து வழக்கம்போலக் கேட்க வேண்டும், கேட்டவர் துருப்பைக் கவிழ்த்து வைக்க வேண்டும். பிறகு அவரவர் முன்னால் நாலு சீட்டைக் கவிழ்த்து வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டை நிமிர்த்தி வைக்க வேண்டும். கீழ்வீடு, மாடிவீடு. கடைசியாகக் கைக்கு இன்னும் நாலு. கையிலிருந்தும் இறக்கலாம், மாடியிலிருந்தும் இறக்கலாம். மாடி காலியானால், அந்தப் பிடி முடிந்தபிறகு கீழ்வீட்டுக்காரரை நிமிர்த்த வேண்டும். அவர் எழுந்திருக்கும்வரை கணக்கில் கிடையாது. எதிராளி இறக்கிய இனம் உன் கையிலும் மாடியிலும் இல்லையென்றால் வெட்டலாம், கீழே ஒளிந்திருந்தாலும் சரி.

இப்போது எண்ணிப் பார். உன் கையில் எட்டு, உன் மாடியில் நாலு, எதிராளி மாடியில் நாலு. ஆக 16 சீட்டு கண்ணுக்குத் தெரியும், 16 தெரியாது. சரி பாதி. இந்தப் பாதி வந்தபிறகுதான் அம்மா ஆட்டத்தின் நடுவில் யோசிக்க ஆரம்பித்தாள்.

சீட்டின் மதிப்பு எதையும் நான் தொடவில்லை. ஜாக்கி மூன்று, ஒன்பது இரண்டு, ஆஸும் பத்தும் ஒவ்வொன்று. இனத்துக்கு ஏழு, நாலு இனத்துக்கு இருபத்தெட்டு. இலங்கையில் ஆடும் முந்நூற்று நாலில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. இனத்துக்கு 76, நாலால் பெருக்கினால் 304. இரண்டும் அண்ணன் தம்பி என்று கணக்கே காட்டிக்கொடுக்கிறது. யாரோ எங்கோ ஒரு திண்ணையில் உட்கார்ந்து, இவ்வளவு பெரிய கூட்டல் எதற்கு என்று சுருக்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். கணக்கை மாற்றினாலே ஆட்டம் மாறிவிடும். 1925-ல் வேண்டர்பில்ட் என்ற அமெரிக்கர் கப்பலில் போகும்போது பிரிட்ஜ் என்ற சீட்டாட்டத்துக்குப் புதுப் புள்ளிக் கணக்கு போட்டார். சீட்டு இறக்கும் முறை அப்படியேதான் இருந்தது. இன்று உலகம் ஆடுவது அந்தக் கணக்கில்தான்.

நடுவில் ஒரு தகராறு. அம்மா தொடர்ந்து நாலு ஆட்டம் ஜெயித்தாள். என் கீழ்வீட்டில் யார் இருக்கிறார் என்று தெரிந்த மாதிரியே ஆடினாள். ஐந்தாவது ஆட்டத்தில்தான் கவனித்தேன், ஸ்பேடு ஒன்பதின் முதுகில் மஞ்சள் கறை. கிளாவர் ஜாக்கிக்கு ஒரு மூலை மடங்கியிருந்தது. நம் பழைய கட்டில் ரெண்டு முதல் ஆறு வரை இருபது சீட்டு ரப்பர் பேண்டுக்குள் புதுசாகவே கிடக்கிறது, மற்ற 32-ம் தேய்ந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு அங்க அடையாளம் வந்துவிட்டது. "தெரிஞ்சா சொல்லணும்னு விதியில இருக்கா?" என்று கேட்டாள். இல்லைதான். மறுநாளே புதுக் கட்டு வாங்கி வந்தேன்.

அப்போது உன் ஞாபகம் வந்தது. மூன்றாம் வகுப்பில் கழுதை ஆடும்போது, தோற்கப்போகிற நேரத்தில், "ராணி விழுந்தா எல்லாரும் கைச்சீட்டை வலது பக்கம் கொடுக்கணும்" என்று ஒரு விதி போட்டாயே. நான் அதட்டினேன், நீ சாப்பிடாமல் தூங்கினாய். இப்போது யோசித்தால் விதியில் ஒரு குறையும் இல்லை, ஆட்டம் தொடங்குமுன் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்காவில் ஒஹையோவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த மெர்ல் ராபின்ஸ், கிரேஸி எய்ட்ஸ் என்ற சீட்டாட்டத்தின் விதியைப் பற்றி மகனோடு வாக்குவாதம் பண்ணித்தான் 1971-ல் ஊனோ என்ற சீட்டாட்டத்தைக் கண்டுபிடித்தார் என்பார்கள். நான் மகளை அதட்டித் தூங்கவைத்தேன்.

இன்னும் ஒன்று தீரவில்லை. 14 கேட்டால் இருபத்தெட்டில் பாதி எடுத்தாலே போதும், ரொம்ப லேசாக இருக்கிறது. 16-க்குக் கீழே கேட்கக்கூடாது என்கிறேன் நான். அம்மா 17 என்கிறாள். உன் அறைத்தோழியோடு பத்து ஆட்டம் போட்டுப் பார்த்துச் சொல். எங்கே ஓட்டை இருக்கிறது என்றும் பார், தயவு தாட்சண்யம் வேண்டாம். புதுக் கட்டில் ஆடு.

கணக்குக்குப் புளியங்கொட்டை வைத்திருக்கிறோம். இதுவரை அம்மா 41 ஆட்டம், நான் 29. அம்மாவைக் கேட்டால் 45 என்பாள், மஞ்சள் கறை ஆட்டம் நாலையும் சேர்த்து.

அன்புடன்,
அப்பா