நல்ல பக்கத்தில் போட்ட ஊசி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முகச் சுருக்கம் மறையப் போடும் போடாக்ஸ் ஊசியைப் பணக்காரர்களின் அழகுப் பைத்தியம் என்று கேலி செய்து தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கெட்டுப்போன உணவில் வளரும் ஒரு பாக்டீரியாவின் நச்சுதான் அது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அமெரிக்காவில் அதற்கு 1989-இல் முதலில் அனுமதி கிடைத்தது மாறுகண்ணுக்கும் இமை தானாக இறுகிக்கொள்ளும் நோய்க்கும்தான். புருவ இடைக் கோடுகளுக்கு 2002-இல்தான் கிடைத்தது.

தேவகோட்டையில் இருக்கும் என் தங்கை, கணவரின் சாந்தி கல்யாணத்துக்கு, அதாவது அறுபதாம் கல்யாணத்துக்கு, சில மாதங்கள் முன்பு, நான் தடுத்தும் கேளாமல், வெளியூர் மருத்துவமனை ஒன்றில் முகத்தோலை இழுத்துத் தைக்கும் அறுவை செய்துகொண்டாள். தாடை விளிம்பை ஒட்டி ஓடி, கீழுதட்டைத் தாழ்த்தும் தசையை இயக்கும் மெல்லிய நரம்புக்கிளை ஒரு பக்கம் அடிபட்டுவிட்டது. வாயை மூடியிருந்தால் ஒன்றும் தெரியாது. சிரித்தால் இடப்பக்க உதடு மட்டும் கீழிறங்க, வலப்பக்கம் அப்படியே நிற்கும். வளவில் நாலு பேர் கூடினால் முந்தானையால் வாயை மறைத்துக்கொள்வாள்.

வேறொரு மருத்துவர், அந்த நரம்பு அறுபடவில்லை, மாதங்கள் ஆனாலும் தேறும் என்று சொல்லி, அதுவரை இடப்பக்கத் தசையில் சிறிது போடாக்ஸ் போடலாம் என்றார். “ஏன் ஆச்சி, கெட்ட பக்கத்தை விட்டுட்டு நல்ல பக்கத்துலயா ஊசி போடுவாக?” என்று என்னிடம் கோபித்துக்கொண்டாள். எனக்கும் அதே சந்தேகம்தான். நரம்பின் கட்டளை தசைக்குப் போய்ச் சேராமல் தடுப்பதுதான் இம்மருந்தின் வேலை. செயலிழந்த தசையை அது எழுப்பாது, மிஞ்சி இழுக்கும் தசையைத் தளர்த்தி இரு பக்கத்தையும் ஒத்துப்போகச் செய்யும் என்று அவர் விளக்கிய பிறகே ஒப்புக்கொண்டோம். நான்காம் நாள் மாற்றம் தெரிந்தது. இரண்டு வாரத்தில் சிரிப்பு நேரானது. மூன்று நான்கு மாதங்களில் மருந்தின் வேகம் தணிவதற்குள் நரம்பும் பெரும்பாலும் தேறிவிட்டது.

எங்கள் பக்கத்து அழகு நிலையங்களிலும் இந்த ஊசி போடுவதாகப் பேச்சு அடிபடுகிறது. கொஞ்சம் தள்ளிக் குத்தினால் வாயோரம் தண்ணீர் ஒழுகும், இமை தொங்கும். போட்ட மருந்தைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. தசைக்களைப்பு நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது பொதுவாகத் தவிர்க்கப்படுவது. ஒட்டறுவை நிபுணர் ஒருவரைக் கொண்டு இவற்றையும் அடுத்த இதழில் எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி, காரைக்குடி