முருகேசனுக்கு, மெஷின் வாங்குவதற்கு முன்

மதுரை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதமும் கூடவே வைத்திருந்த விவரத் தாளும் வியாழக்கிழமை வந்து சேர்ந்தன. மூட்டு வலி குறைந்து காலையில் நடக்கப் போகிறாய் என்று படித்ததும் மனசு லேசானது. பேத்தி போட்டோவை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். நெற்றி அப்படியே உன் அம்மாவுடையது.

பிட்காயின் மைனிங் மெஷின், அதாவது விடாமல் கணக்குப் போட்டுப் புதுக் காயின் சம்பாதிக்கும் கம்ப்யூட்டர், அந்த விஷயத்துக்கு வருகிறேன். பழைய ஆண்ட்மைனர் எஸ்19 மலிவாகக் கிடைக்கிறது, எஸ்21 விலை கூடுதல், எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். ஓய்வுப் பணத்திலிருந்து எடுக்கப்போகிறாய் என்று படித்ததால் இரண்டு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

தாளில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் டெராஹாஷை நீ பார்த்திருக்கிறாய், நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குப் போடும் என்ற வேகம் அது. அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது, ஒரு டெராஹாஷுக்கு எத்தனை ஜூல் மின்சாரம் தின்கிறது என்பது. எஸ்19 95 டெராஹாஷ் வேகத்துக்கு 3250 வாட் இழுக்கும், அதாவது டெராஹாஷுக்கு 34 ஜூல். எஸ்21 200 டெராஹாஷுக்கு 3500 வாட், 17.5 ஜூல். 2016-ல் வந்த எஸ்9-க்கு இது நூறுக்குக் கிட்ட இருந்தது. மலிவு என்று பழையதை வாங்கினால் கிட்டத்தட்ட அதே கரண்ட் பில்லுக்குப் பாதி வேலைதான் நடக்கும். இரண்டில் ஒன்றுதான் என்றால் எஸ்21தான், சந்தேகமே இல்லை.

ஆனால் அதுவும் நம் ஊரில் தாங்காது. 3500 வாட் இரவும் பகலும் ஓடினால் ஒரு நாளைக்கு 84 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 5040 யூனிட். 2024 ஜூலைக் கட்டணப்படி 1000 யூனிட்டுக்கு மேலே போனால் யூனிட்டுக்கு 11 ரூபாய் 80 காசு. உன் வீட்டு ஏசியும் மோட்டாருமே கீழ் ஸ்லாபுகளை நிரப்பிவிடும் என்பதால் மெஷினுக்கு முழுக்க மேல் விலை என்றே வை. 59,000 ரூபாயைத் தாண்டும்.

வரவு? பிட்காயினில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக், அதாவது பரிவர்த்தனைகளின் ஒரு கட்டு, சேரும்; அதை எடுப்பவருக்குப் புதுக் காயின் பரிசு. 2024 ஏப்ரலில் அந்தப் பரிசு பாதியாக்கப்பட்ட பிறகு ஒரு பிளாக்குக்கு 3.125 காயின்தான், ஒரு நாளைக்கு உலகம் முழுவதற்குமாக 450. 2025-ல் உலகத்தில் ஓடும் மெஷின்களின் மொத்த வேகம் நூறு கோடி டெராஹாஷ் அளவை எட்டியது. உன் 200 அதில் ஐம்பது லட்சத்தில் ஒரு பங்கு. இரண்டு மாதத்துக்கு 0.0054 காயின். ஒரு காயின் ஒரு கோடி ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 54,000. பூல், அதாவது பலர் மெஷினைச் சேர்த்து ஓட்டி வரவைப் பிரித்துக்கொள்ளும் குழு, எடுக்கும் கமிஷனையும் பரிவர்த்தனைக் கட்டணமாகச் சேரும் சொற்பத்தையும் விட்டுவிட்டேன். எஸ்19-க்கு இதே கணக்கில் சுமார் 25,650 வரவு, 55,000-க்கு மேல் கரண்ட். 2016 பிளாக்குக்கு ஒரு தடவை, அதாவது ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, கணக்கின் கடினத்தன்மை திருத்தப்படுகிறது. உலகத்தில் புது மெஷின் கூடக்கூட உன் பங்கு சுருங்கும். வரியும் இருக்கிறது. 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம், செஸ் தனி. மைனிங்குக்குச் செய்த செலவைக் கழிக்க முடியாது என்று நாடாளுமன்றத்திலேயே அரசு சொல்லிவிட்டது. கையில் நட்டம் இருக்கும்போதும் வரி கட்ட வேண்டி வரும். உன் ஆடிட்டரிடம் இதை மட்டும் தனியாகக் கேள்.

சத்தம் பற்றி யாரும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். 75 டெசிபல் என்று போட்டிருக்கிறது. பக்கத்து அறையில் யாராலும் தூங்க முடியாது, பேத்தியை நினைத்துக்கொள். 230 வோல்ட்டில் 15 ஆம்பியருக்கு மேல் விடாமல் ஓடும். உன் வீட்டு 16 ஆம்பியர் பாயின்ட்டும் பழைய வயரும் அதைத் தாங்கும் என்று நான் சொல்ல மாட்டேன். எடுக்கும் கரண்ட் அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும், ஒரு பெரிய ரூம் ஹீட்டர் மாதிரி. குளிர் நாடுகளில் அதுவே ஆதாயம். கனான் கம்பெனியின் அவலான் மினி 3-ஐ, 37.5 டெராஹாஷ், 800 வாட், ஹீட்டராகவே விற்கிறார்கள். கனடாவில் இருப்பவன் எப்படியும் ஹீட்டருக்குச் செலவழிப்பான், அவனுக்குக் கணக்கு வேறு. ஈரோட்டுச் சித்திரையில் அந்தச் சூட்டை வெளியேற்ற நீ இன்னொரு ஏசி போட வேண்டும்.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. 2021-ல் மகனும் நானும் மாடி அறையில் மூன்று கிராபிக்ஸ் கார்டு மாட்டி எத்தீரியம் என்ற இன்னொரு காயினை எடுத்தோம். முதல் ஆறு மாதம் நன்றாகவே வந்தது. 2022 செப்டம்பர் 15-ல் எத்தீரியம் மைனிங்கையே கைவிட்டது. கார்டுகளைப் பாதி விலைக்கும் கீழே விற்றோம். அவன் அன்று சாப்பிடாமல் படுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆண்ட்மைனர் மாதிரி ஒரே வகைக் கணக்குக்காகச் செய்த ஆசிக் மெஷினுக்கு இப்படி ஒன்று நேர்ந்தால் மறு உபயோகம்கூடக் கிடையாது.

உனக்கு இந்தத் தொழில்நுட்பத்தின் மேல் ஆசை இருப்பது எனக்குப் புரிகிறது. பாலிடெக்னிக் ஹாஸ்டலில் உடைந்த ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு விடியவிடிய உட்கார்ந்தவன் நீ. அந்த ஆசைக்கு பிட்ஆக்ஸ் என்று ஒரு சின்ன போர்டு இருக்கிறது. அதன் சர்க்கியூட் வரைபடமே எல்லாருக்கும் திறந்தது. காமா மாடலில் எஸ்21 ப்ரோவில் இருக்கும் அதே சிப் ஒன்றே ஒன்று, 1.2 டெராஹாஷ், 18 வாட் சுமார். இரண்டு மாதத்துக்கு 26 யூனிட். தனியாக ஒரு பிளாக் எடுக்க சராசரியாகப் பதினைந்தாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும். இந்த மாதிரிச் சின்ன மெஷினுக்கு அதிர்ஷ்டம் அடித்ததாகச் செய்திகள் வருவதும் உண்டு, அதை நம்பிப் பணம் போடாதே. ஹாஷ் என்றால் என்ன, பூல் எப்படி வேலை கொடுக்கிறது, வோல்ட்டேஜைக் குறைத்தால் ஜூல் எப்படி இறங்குகிறது, எல்லாம் அதிலேயே கற்றுக்கொள்ளலாம்.

விற்பவருக்கு அட்வான்ஸ் எதுவும் இப்போது கொடுக்காதே. மகனிடம் ஒரு பிட்ஆக்ஸ் இருக்கிறது, பொங்கலுக்கு முந்தின வாரம் வரும்போது எடுத்து வருகிறேன். ஒரு மாதம் உன் மேசையில் ஓடட்டும். உன் கடைசி மூன்று ஈபி பில்லையும் எடுத்து வை. தங்கச்சி கையால் ஒரு கப் சுக்குக் காபி குடித்துவிட்டு இருவரும் உட்கார்ந்து உன் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
உன் கண்ணன்