அரோபா

மச்சான்,

மூண்டு மாசமாக் கடிதம் இல்லையெண்டு திட்டியிருப்பாய். திட்டு, வாங்கத்தான் வேணும். மகள் வீட்டில எல்லாரும் சுகம். ஸ்பெயினில, இந்தச் சாராகோசாவில குளிர் குறைஞ்சிட்டுது. உன்ர முழங்கால் எப்பிடி?

சிரிக்காமக் கேள். ஒரு அலுவலா ஃபோன் எடுத்தன். அந்தப் பிள்ளை ஈமெயில் விலாசம் சொல்லேக்க நடுவில "அரோபா" எண்டாள். நானும் அ-ரோ-பா எண்டு எழுத்துக்கூட்டி அடிச்சு அனுப்பினன். நாலு தரம் திரும்பி வந்தது. பேரன் பாத்திட்டு நிலத்தில உருண்டு சிரிக்கிறான். வாலால வட்டம் போட்ட அந்த "ஏ" குறிதானாம் அரோபா!

அண்டைக்குப் பிடிச்ச விசர் இன்னும் விடேல்லை. அரோபா ஒரு பழைய நிறையடா. 25 லிப்ரா (இங்கத்தைப் பழைய பவுண்ட்), பதினொண்டரைக் கிலோ வரும். அரபில "ருபு" எண்டால் கால்பங்கு. எதில கால்? நூறு லிப்ராவான குயின்டாலில. அதுவும் அரபு "கின்தார்". அதுக்குப் பின்னால லத்தீன்காரன்ர நூறு நிக்குது. லத்தீனில இருந்து அரபுக்குப் போன சாமானே சுத்தி ஸ்பானிய வீட்டுக்கு வந்திருக்கு.

1448இல பக்கத்து ராச்சியமான கஸ்தீலில இருந்து, சாராகோசா இருக்கிற இந்த அரகோன் பக்கம் வந்த கோதுமைக் கணக்கில அந்தக் குறி கிடக்கு. அரோபா எண்டு முழுக்க எழுதப் பஞ்சி போல. 1971இல ரே டொம்லின்சன் எண்ட அமெரிக்கப் பொறியியலாளர் அதை ஈமெயிலுக்கு எடுத்தார். இங்கத்தைச் சனம் பழைய பேரையே வைச்சிட்டுது.

கூத்து என்னெண்டால், எண்ணெய்க்கு அரோபா பன்னிரண்டரை லிட்டர், வைனுக்கு 16 லிட்டர். எண்ணெய்க் கணக்கு நிறையோட ஒத்துவருது, வைன் ஏன் இப்பிடி? எங்கட சங்கக்கடை மனேச்சருக்கு இது தெரிஞ்சிருந்தால் ஊர் தாங்கியிருக்காது. 1849இல மெட்ரிக் சட்டம் வந்தும் ஓக் காட்டில பண்டி மேய்க்கிறவங்கள் இண்டைக்கும் அரோபாவிலதான் கதைக்கிறாங்கள். எட்டுப் பத்து அரோபாவில உள்ள விட்டால், ஓக் கொட்டை திண்டு குறைஞ்சது நாலு அரோபா ஏறவேணும்.

நேற்று ராத்திரி அகராதியில "அர்ரெல்தே" எண்டு இன்னொண்டு கண்ணில பட்டுது. நாலு லிப்ரா நிறை. வேர் அரபு "ரத்ல்". எழும்பி இருந்திட்டன். அது எங்கட றாத்தலடா! சந்திக் கடையில ஒரு றாத்தல் பாண் வாங்கி, வழியில பிச்சுத் திண்டு, முக்கால் றாத்தலாக் கொண்டுபோய்க் குடுத்து அடி வாங்கினது நீ. "கடைக்காரன் நிறை குறைச்சிட்டான்" எண்டு சாட்சி சொல்லி அடி வாங்கினது நான்.

பதில் போடு. ஈமெயில் வேண்டாம்.

உன்ர
சாட்சிக்காரன்