களை மருந்தும் வாய்க்கால் முறையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காவிரி டெல்டாவின் கடைமடையில் நாற்றுவிட்டு நடுவதற்குத் தண்ணீரும் ஆளும் போதாமல், சம்பாவுக்கு நேரடி விதைப்பையே பலரும் நம்பியிருக்கிறோம். நாற்றங்கால் செலவும் பறியல், நடவுக் கூலியும் மிச்சம் என்பது உண்மையே. ஆனால் அந்த மிச்சத்தின் பெரும்பகுதியைக் களை விழுங்கிவிடுகிறது என்பது உரிய இடங்களில் பேசப்படுவதில்லை என்ற ஆதங்கத்தால் இதை எழுதுகிறேன்.

நடவு வயலில் மூன்று வாரம் வளர்ந்த நாற்று களையை முந்திக்கொள்கிறது; தேங்கிய நீரும் களை விதையை அமுக்கிவிடுகிறது. புழுதியில் விதைத்த வயலிலோ நெல்லும் குதிரைவாலி என்ற களைப் புல்லும் ஒரே மழைக்கு முளைக்கின்றன. இளம்பருவத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இலை தண்டோடு சேரும் இடத்தில் நெல்லுக்குச் சவ்வு போன்ற சிறு நாக்கு உண்டு, குதிரைவாலிக்கு இல்லை. இதைக் கண்டு பறிக்கத் தெரிந்த பெண்கள் குறைந்துவிட்டார்கள். இருப்பவர்களையும் ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் கூப்பிடுகிறது.

அதனால் பிஸ்பைரிபாக் சோடியம் போன்ற களைக்கொல்லி மருந்துகளை நாடுகிறோம். பத்து சதவீத பிஸ்பைரிபாக் மருந்தை ஏக்கருக்கு 80 முதல் 100 மில்லி, களை இரண்டு மூன்று இலை விட்ட நிலையில், நீரை வடித்துத் தெளித்து, இரண்டு மூன்று நாளில் மறுபடி நீர் கட்டி ஒரு வாரம் நிறுத்த வேண்டும். இதில் நீர் கட்டுவது எங்கள் கையில் இல்லை. வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் விடுவதில் எங்கள் முறை இல்லாத வாரத்தில் தெளித்தவர் வயலில் கருகிய களையின் அடியிலேயே அடுத்த களை தலையெடுக்கிறது. மருந்துச் செலவோடு கைக்களைக் கூலியும் சேர்ந்துவிடுகிறது. ஒரே மருந்தை ஆண்டுதோறும் அடித்தால் களை அதற்குப் பழகிவிடும் அபாயமும் இருக்கிறது.

ஆகவே நீர்வளத்துறை, முறைப்பாசன அட்டவணையைக் கிளை வாய்க்கால் வாரியாக விதைப்புக்கு முன்பே அறிவிக்க வேண்டும். வேளாண்மைத் துறை அதற்கேற்பத் தெளிப்பு நாள்களைப் பரிந்துரைக்க வேண்டும். கையால் வீசி விதைத்த வயலில் களையெடுக்கும் கருவியை ஓட்ட முடியாது என்பதால், வரிசையில் விதைக்கும் கருவியும் விசைக் களையெடுப்பானும் சிறு விவசாயிக்குக் குறைந்த வாடகையில், அதுவும் உரிய பருவத்திலேயே, கிடைக்க வேளாண் பொறியியல் துறை ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு சம்பா விவசாயி,
திருத்துறைப்பூண்டி வட்டம்.