தேவதூதர்களின் கூரைக்கு வரி வேண்டாம்

பிரிட்டன் நிதியமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். சஃபோக் மாவட்டத்தில் பல வருஷமாகக் குடியிருக்கும் தமிழன் எழுதுகிறேன். பிளித்பரோ ஊரின் பரிசுத்த திரித்துவ ஆலயத்தைப் பற்றியும், அதுபோன்ற பழங்கோயில்களைப் பழுதுபார்த்தால் நீங்கள் கேட்கும் வாட் (மதிப்புக் கூட்டு வரி) பற்றியும் பேச வேண்டும்.

பிளித் ஆற்றங்கரைச் சதுப்பு நிலத்தைத் தாண்டி வரும்போது தூரத்திலேயே கண்ணில் படும் கோயில் அது. ஊர் சின்னது, ஒரு நடையில் சுற்றி வந்துவிடலாம். கோயிலோ 15ஆம் நூற்றாண்டில் எழுந்த பிரம்மாண்டம். வெளிச்சுவரில் சக்கிமுக்கிக் கல்லை உடைத்து, வெள்ளைக் கல்லுக்கு நடுவே பதித்துக் கோலம்போல வேலை செய்திருக்கிறார்கள். உள்ளே போனால் வெளிச்சம்தான் முதலில் வரவேற்கும். மேல்சுவரில் இந்தப் பக்கம் 18, அந்தப் பக்கம் 18 ஜன்னல்கள். அவ்வளவு வெளிச்சத்தையும் கூரைக்காகவே வைத்தார்களோ என்று எனக்குத் தோன்றும்.

அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிப்பதே தெரியாது. உத்தரங்களின் நடுவில், முதுகோடு முதுகு ஒட்டி, மரத்தில் செதுக்கிய தேவதூதர்கள் சிறகை விரித்திருக்கிறார்கள். பழைய சிவப்பும் பச்சையும் இன்னும் மங்கலாகத் தெரிகின்றன. அந்த மரத்தில் ஈயக் குண்டுகள் புதைந்திருந்தன. 1644இல் சிலைகளையும் படங்களையும் அழிக்க வந்த வில்லியம் டௌசிங்கின் ஆட்கள் சுட்டது என்றுதான் ஊரில் வெகுகாலம் சொன்னார்கள். பிறகு பார்த்தால், 18ஆம் நூற்றாண்டில் கோயிலுக்குள் புகுந்த காக்கைகளை விரட்டச் சுட்ட குண்டுகளாம் அவை.

இந்தக் கட்டடம் படாத பாடு இல்லை. 1577 ஆகஸ்ட் 4, ஞாயிறு ஆராதனை நேரத்தில் இடி விழுந்து கோபுரத்தின் கூம்பு சரிந்தது. ஒரு ஆளும் ஒரு பையனும் இறந்தார்கள். வடக்குக் கதவில் கருகிய தடங்கள் இருக்கின்றன, ஊர்க்கதையில் வரும் கறுப்புப் பேய் நாயின் நகம் பட்டது என்பார்கள். 1881இல் கட்டடம் ஆபத்தான நிலைக்குப் போய்க் கோயிலையே மூடினார்கள். அதற்கு முன்பு மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு ஜெபித்தார்களாம்!

இடியையும் குண்டையும் தாங்கிய கூரைக்கு ஒழுகல்தான் எமன். ஈயத் தகட்டில் ஒரு விரிசல் போதும். தண்ணீர் மெதுவாக இறங்கி, உத்தரம் சுவருக்குள் செருகியிருக்கும் முனையை முதலில் உளுத்துப்போக வைக்கும். கீழேயிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இந்த நாட்டுப் பழங்கோயில்களை அரசு பராமரிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அந்தந்த ஊர்ச் சபைதான் காசு சேர்க்கிறது. அந்தக் காசில் செய்யும் பழுதுபார்ப்பு வேலைக்குத்தான் நீங்கள் 20 சதவீதம் வாட் கேட்கிறீர்கள். புது வீடு கட்டினால் வாட் கிடையாது, அறுநூறு வருஷத்துக் கூரையைச் சரிசெய்தால் உண்டு. இது எந்த ஊர் நியாயம்?

கட்டிய வரியைத் திருப்பித் தரும் மானியம் 2001இல் வந்தது, அதற்கு நன்றி. ஆனால் 2025 ஏப்ரலில் ஒரு கோயிலுக்கு வருஷம் 25,000 பவுண்டுக்கு மேல் இல்லை என்று வரம்பு வைத்தீர்கள். 1,25,000 பவுண்ட் வேலையோடு அது தீர்ந்துவிட்டது. பெரிய கூரைக்கு அது எந்த மூலைக்கு? வருஷத்துக்குக் கொஞ்சம் என்று பிரித்துச் செய்திருக்கலாமே என்பீர்கள். சாரம் கட்டவே பெருந்தொகை ஆகும், அதை வருஷாவருஷம் கட்டிப் பிரிக்க எந்தச் சின்ன ஊரால் முடியும்? அப்புறம், அந்த மானியமும் 2026 மார்ச்சோடு முடிந்துவிட்டது. இப்படி வந்து போகும் மானியத்தை நம்பி யார் தைரியமாக வேலையைத் தொடங்குவார்கள்?

அதனால் கேட்கிறேன்: பாதுகாக்கப்பட்ட வழிபாட்டுத் தலங்களின் பழுதுபார்ப்புக்கு வாட் இல்லை என்று சட்டத்திலேயே எழுதுங்கள். முடிவெடுக்கும் முன் ஒருநாள் பிளித்பரோவுக்கு வந்து, நடுவில் நின்று, ஒரு பத்து நிமிஷம் மேலே பாருங்கள்.

இப்படிக்கு,
சஃபோக்கில் வாழும் ஒரு தமிழன்