அப்பா ஏன் பாதியில் எழுந்தார்

டர்பன்

அன்புள்ள மகளுக்கு,

தீபாவளிக்குக் கேப் டவுனிலிருந்து வந்து ஆசையாக நண்டுக்கறி வைத்தாய். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார். "பிடிக்கவில்லை என்றால் சொல்லியிருக்கலாமே" என்று நீ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று அவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அதை இப்போது மீறுகிறேன்.

எட்டு மாதமாக அவருக்கு வயிற்றுப்போக்கு. வலி இல்லை, இரத்தம் இல்லை, வெறும் தண்ணீர். இரவில்தான் அதிகம், நான்கைந்து முறை எழுந்து போகிறார். முப்பது வருடம் நர்ஸாக இருந்த எனக்கே பிடிபடவில்லை. பாலைச் சந்தேகித்தேன், மீனைச் சந்தேகித்தேன். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நிறுத்தியும் பார்த்தார்கள். கடைசியில்தான் தெரிந்தது, சர்க்கரை நோய் அவர் குடலுக்கான நரம்புகளைத் தின்றிருக்கிறது.

ஒரு நாளில் குடலுக்குள் எட்டு ஒன்பது லிட்டர் நீர் இறங்குகிறது. நாம் உண்பதும் குடிப்பதும் இரண்டு லிட்டர்தான். மற்றதெல்லாம் எச்சில், பித்தம், இரைப்பை நீர் என்று உடம்பே சுரப்பது. வெளியே போவதோ 100 முதல் 200 மில்லிலிட்டர். குடல் தண்ணீரை நேராக இழுப்பதில்லை. உப்பை இழுக்கிறது, தண்ணீர் அதன் பின்னாலேயே போகிறது. எவ்வளவு இழுப்பது என்பதில் நரம்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. குடலின் உட்படலத்துக்கு அடியில் ஒரு நரம்பு வலை இருக்கிறது. 1857-இல் மைஸ்னர் என்ற ஜெர்மன் உடற்கூறியலாளர் விவரித்தது. அதிலுள்ள சில நரம்புகள் அசிட்டைல்கோலின், வி.ஐ.பி. என்ற செய்தி சொல்லும் வேதிப்பொருள்களை விடும்போது குளோரைடும் நீரும் குடலுக்குள் கொட்டுகின்றன, உப்பு உறிஞ்சப்படுவது குறைகிறது. குடலுக்கு வெளியிலிருந்து வரும் பரிவு நரம்புகள் (சிம்பதெடிக்) நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளை விட்டு அந்த நரம்புகளை அடக்கி, உப்பை உடம்புக்குள் அனுப்புகின்றன. அப்பாவுக்குப் பட்டுப்போனவை இந்தப் பரிவு நரம்புகள். மதகைத் திறக்க ஆள் இருக்கிறது, அடைக்க ஆள் இல்லை.

2000-இல் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் காலரா வந்தது உனக்கு நினைவிருக்குமா? அந்த நஞ்சும் ஓரளவு இதே வலையைத் தூண்டிவிடுவதுதான். ஆனால் குளுக்கோஸ் தன்னோடு உப்பையும் இழுத்துக்கொண்டு போகும் வழி ஒன்று தனியாக இருக்கிறது, காலரா அதைத் தொடுவதில்லை. அதனால்தான் ஒரு லிட்டர் நீருக்கு எட்டுத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்று கலக்கிக் கலக்கிக் கொடுத்தோம். நம் பாட்டன்மார் இந்த மண்ணுக்கு வந்ததே கரும்பு வெட்டத்தான். அந்தச் சர்க்கரையை உன் அப்பாவுக்கு மட்டும் கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது, பார்.

இப்போது குளோனிடின் கொடுக்கிறார்கள். இரத்த அழுத்தத்துக்கான பழைய மாத்திரை அது. நார்அட்ரினலின் போய் உட்காரும் இடத்தில் இது உட்கார்ந்து, செத்த நரம்பின் வேலையைக் கொஞ்சம் செய்கிறது. எழும்போது தலை சுற்றக்கூடும் என்பதால் நிற்கவைத்தும் அழுத்தம் பார்க்கிறார்கள். மூன்று வாரமாக இரவில் ஒரு முறையோடு சரி.

பொங்கலுக்கு உன்னிடம் வரலாம் என்று அவரே வாய் திறந்திருக்கிறார். பஸ் வேண்டாம், விமானத்தில் கழிப்பறைக்குப் பக்கமாக, நடைபாதை ஓரத்து இருக்கை போடு. நண்டுக்கறியும் வை. அவர் எழுந்து போனால் ஏன் என்று கேட்காதே, தட்டை மூடி மட்டும் வை.

அன்புடன்,
அம்மா