விண்வெளி நிலையத்துக்குக் காது கொடுப்போம்: ஹாம் ரேடியோ மன்றம் குறித்துப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தக் கல்வியாண்டில் நம் பள்ளியில் ஹாம் ரேடியோ மன்றம் தொடங்குகிறோம். ஏழாம் வகுப்பு முதல் பிளஸ் ஒன் வரை படிக்கும் யாரும் சேரலாம். இத்துடன் உள்ள இசைவுப் படிவத்தில் நீங்கள் கையெழுத்திடும் முன், இது என்ன, பிள்ளைகள் இதில் என்ன செய்வார்கள் என்பது உங்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். கடிதம் சற்று நீளம்தான். பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

2025 ஜூலை 4 அன்று, பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருந்த நம் நாட்டு வீரர் சுபான்ஷு சுக்லா, பெங்களூரு யு.ஆர்.ராவ் செயற்கைக்கோள் மையத்தில் கூடியிருந்த மாணவர்களோடு பேசினார். சில நாட்களில் ஷில்லாங்கில் கூடிய வடகிழக்கு மாநிலப் பிள்ளைகளோடும் பேசினார். செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அந்த உரையாடல்கள் நடந்தது ஹாம் ரேடியோ வழியாக. மறுநாளே பிள்ளைகள் என்னிடம் வந்து, "நாமும் பேச முடியுமா சார்?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கான பதிலாகத்தான் இந்த மன்றத்தைத் தொடங்குகிறோம்.

சம்பளத்துக்காக அன்றி ஆர்வத்தால் வானொலி இயக்குபவர்களைத்தான் ஹாம் என்கிறோம். தேர்வு எழுதி அரசிடம் உரிமம் பெற்று, சொந்த நிலையம் வைத்து, உலகெங்கும் உள்ள மற்ற ஹாம்களோடு பேசுவார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக ஓர் அழைப்புக்குறி உண்டு. நம் நாட்டு ஹாம்களின் குறி 'வி.யு.' என்று தொடங்கும். விண்வெளி வீரர்களிலும் ஹாம்கள் உண்டு. 1983-இல் கொலம்பியா விண்கலத்திலிருந்து ஓவன் காரியட் கையடக்கக் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு பூமியில் உள்ள ஹாம்களோடு பேசியதுதான் தொடக்கம். 2000 டிசம்பரில் விண்வெளி நிலையம் முதன்முதலாக ஒரு பள்ளியோடு பேசியது. அது அமெரிக்காவில் இல்லினாய் மாநிலப் பள்ளி. நம் பிள்ளைகளுக்கு நன்கு தெரிந்த சுனிதா வில்லியம்ஸும் உரிமம் பெற்ற ஹாம்தான்.

இவ்வளவு சிறிய கருவியால் அவ்வளவு தூரம் எப்படிப் பேச முடிகிறது? விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேலே வரும்போது அதன் உயரம் சுமார் 400 கிலோமீட்டர். சென்னையிலிருந்து சாலை வழியாக மதுரை போகும் தூரத்தைவிடக் குறைவு. நடுவில் மலையோ கட்டடமோ கிடையாது. அதனால் சில வாட் ஆற்றலே போதும். ஆனால் அது மணிக்கு 27,000 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் பறக்கிறது. ஒரு பக்கத் தொடுவானில் எழுந்து மறுபக்கத்தில் மறைய அதிகம் போனால் பத்து நிமிடம். பள்ளிகளோடு நடக்கும் உரையாடலும் அதற்குள் முடிந்தாக வேண்டும். வரிசையில் நிற்கும் பிள்ளை கேள்வியைச் சுருக்கமாகக் கேட்டு, "ஓவர்" என்று சொல்லி ஒதுங்க, அடுத்த பிள்ளை மைக் முன் வந்துவிட வேண்டும். கேள்விகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ்வழிப் பிள்ளைகள் அதை நினைத்துத் தயங்க வேண்டாம். ஒரே ஒரு வாக்கியத்தைத் திருத்தமாக, தைரியமாகச் சொல்லப் பழக நமக்கு நிறைய நேரம் இருக்கிறது.

இந்தப் பத்து நிமிட வாய்ப்பு நம் பள்ளிக்குக் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். உலகெங்கும் இருந்து பள்ளிகள் விண்ணப்பிக்கின்றன. பாடத்திட்டத்தோடு இணைத்து என்ன செய்யப் போகிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். காத்திருக்கவும் வேண்டும். நாமும் விண்ணப்பிப்போம். ஆனால் அந்த ஒரு நாளுக்காக மட்டும் மன்றம் நடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. வாரந்தோறும் வானத்தைக் கேட்கிற பழக்கம்தான் என் பிள்ளைகளுக்கு வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்தப் பழக்கம் ஒரு பள்ளியை எங்கே கொண்டுபோகும் என்பதற்கு இங்கிலாந்தின் கெட்டரிங் நகரத்தைச் சொல்வேன். அங்கே ஜெஃப்ரி பெர்ரி என்றொரு இயற்பியல் ஆசிரியர் இருந்தார். வானொலியில் தேர்ந்த வேதியியல் ஆசிரியர் டெரெக் ஸ்லேட்டரும் சேர்ந்துகொண்டார். அலை அனுப்பும் பொருள் நெருங்கும்போது அலைவெண் கூடியும் விலகும்போது குறைந்தும் தெரிவதை டாப்ளர் விளைவு என்பார்கள். அதைப் பாடமாக நடத்துவதற்காக, 1960-இல் சோவியத் செயற்கைக்கோள் ஒன்றின் ஒலியைச் சாதாரண வானொலிப் பெட்டியில் பிடித்தார்கள். பிறகு மாணவர்களோடு சேர்ந்து, எந்தச் செயற்கைக்கோள் எந்த நேரத்தில் வருகிறது, எப்போது மறைகிறது என்று விடாமல் குறித்துவந்தார்கள். 1966-இல் ஒரு கோளின் கணக்கு உதைத்தது. அதன் பாதை அதுவரை தெரிந்த சோவியத் ஏவுதளம் எதற்கும் பொருந்தவில்லை. இன்னொரு கோளின் பாதையையும் சேர்த்துப் பார்த்து, வடக்கே பிளெசெட்ஸ்க் பகுதியில் உலகுக்கு அறிவிக்கப்படாத ஏவுதளம் ஒன்று இயங்குகிறது என்று கண்டுபிடித்து வெளியிட்டார்கள். சோவியத் அரசு அதை ஒப்புக்கொண்டது 1983-இல்தான். ஒரு வானொலிப் பெட்டி, ஒரு கடிகாரம், கணக்கு நோட்டு, நேரம் தவறாத பிள்ளைகள். இவைதான் அந்தப் பள்ளியின் கருவிகள்.

நம் மன்றத்தின் முதல் வேலை ஆன்டெனா செய்வது. விண்வெளி நிலையத்தின் குரல் 145.800 மெகாஹெர்ட்ஸில் வரும். 300-ஐ 145.8-ஆல் வகுத்தால் அலைநீளம் சுமார் 2 மீட்டர். அதில் பாதியை அளந்து, பி.வி.சி. குழாயில் உலோக அளவு டேப்பின் துண்டுகளைப் பொருத்தினால் ஒரு திசையை நோக்கிக் கேட்கும் நல்ல 'யாகி' வகை ஆன்டெனா தயார். அதை வானை நோக்கிப் பிடித்துக்கொண்டு, நிலையம் நகர நகரத் திருப்ப வேண்டும். கண்ணால் பார்க்க வேண்டுமானால் அந்தி அல்லது விடியல் வேளை வேண்டும். வானொலிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நடுப்பகலிலும் மேகமூட்டத்திலும் கேட்கும். நிலையம் நெருங்கும்போது அலைவெண் 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கூடியும், விலகும்போது அதே அளவு குறைந்தும் வரும். பதினோராம் வகுப்பில் படிக்கப்போகும் டாப்ளர் விளைவை எட்டாம் வகுப்புப் பிள்ளை கையால் திருப்பித் திருப்பித் தெரிந்துகொள்ளும். சில சமயம் நிலையத்திலிருந்து படங்களும் அனுப்புவார்கள். வெறும் விசில் சத்தம் போல வரும் ஒலியை ஒரு இலவசச் செயலிக்குக் கேட்கக் கொடுத்தால், சுமார் இரண்டு நிமிடத்தில் திரையில் கோடு கோடாகப் படம் விரியும். அதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை நீங்கள் அருகில் நின்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

உங்களுக்கு வரக்கூடிய கவலைகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். உரிமம் இல்லாமல் யாரும் ஒலிபரப்பக் கூடாது. அது சட்டப்படி குற்றம். மன்றத்தில் எல்லாமே உரிமம் பெற்ற ஹாம் ஒருவரின் மேற்பார்வையில்தான் நடக்கும். பிள்ளைகள் தாங்களாகக் கருவி வாங்கி வீட்டில் பேசிப் பார்க்க அனுமதிக்காதீர்கள். 12 வயது நிரம்பியவர்கள் மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகம் நடத்தும் தேர்வை எழுதலாம். தொடக்க நிலை உரிமத்துக்கு, புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பும் மோர்ஸ் முறை தெரிந்திருக்க வேண்டியதில்லை. இடி மின்னல் நாளில் மொட்டை மாடிக்கு யாரும் போகமாட்டார்கள். படிப்பு கெடுமோ என்று கேட்பவர்களுக்கு: வாரம் ஒரு மணி நேரம்தான்; தேர்வு மாதங்களில் மன்றம் கிடையாது. பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் வீடுகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். விண்வெளி நிலையம் பள்ளி நேரத்தில் நம் தலைக்கு மேல் வரும் சுற்றுகளை மட்டுமே கேட்போம். ஆசிரியைகள் உடன் இருப்பார்கள்.

பெண்கள் என்றதும் பாரதி பிரசாத் நினைவுக்கு வருகிறார். 2004 டிசம்பரில் அவரும் சில ஹாம்களும் உலக ஹாம்களோடு பேசுவதற்காகப் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தார்கள். 26-ஆம் தேதி சுனாமி வந்தது. தொலைபேசி இணைப்புகள் அறுந்துபோயின. அவர்கள் பொழுதுபோக்கை நிறுத்திவிட்டு, தீவுகளில் இருந்தவர்களின் நிலையைக் கரையில் தவித்த உறவினர்களுக்குத் தெரிவிக்கத் தொடங்கினார்கள். கடலோர மாவட்டங்களில் வாழும் நமக்கு இதன் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனை பயன் உள்ள ஒன்று நம் ஊரில் பலருக்குத் தெரியவில்லை என்பதுதான் என் குறை. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ ஏவிய 'ஹாம்சாட்' கோள் உலக ஹாம்களுக்கென்றே செய்யப்பட்டது. ஒன்பது ஆண்டுகளுக்கும் மேல் உழைத்தது. அதைப் பற்றி நம் பிள்ளைகள் கேள்விப்பட்டதே இல்லை. ஹாம்கள் அமைதியாக இருந்துவிட்டார்கள். பள்ளிகளும் தேடிப் போகவில்லை. ஆகவே உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் தெருவில், உங்கள் உறவில், பணியிடத்தில் யாரேனும் ஹாம் இருந்தால் அவரிடம் நம் மன்றத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால் பள்ளிக்கு அழைத்து வாருங்கள். மாடியில் உயரமான ஆன்டெனா உள்ள வீட்டைக் கண்டால் தயங்காமல் கதவைத் தட்டிக் கேட்கலாம். அவர்கள் பேச விரும்புகிறவர்கள்தான்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளிக் கலையரங்கில் பெற்றோர் கூட்டம். கருவிகளை நேரில் பார்க்கலாம், கேட்க வேண்டியதைக் கேட்கலாம். அப்பா, அம்மா வர இயலாவிட்டால் தாத்தா, பாட்டி வந்தாலும் மகிழ்ச்சி. இசைவுப் படிவத்தை அதற்கு அடுத்த புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். மன்றத்துக்குக் கட்டணம் எதுவும் இல்லை. வீட்டில் பயன்படாத வானொலிப் பெட்டி, பழைய ஒலிபெருக்கி, மிச்சமான பி.வி.சி. குழாய் இருந்தால் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். எங்களுக்கு வேலைக்கு ஆகும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்